வீட்டுக்காரரின் கடமையை விருந்தினர் தலையில் ஏற்றாதீர்கள்: தாய்லாந்துக் குடிவரவுப் பணியகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
ஆணையர் அவர்கள், குடிவரவுப் பணியகம், அரச தாய்லாந்துக் காவல்துறை, பாங்காக்;
மாகாணக் குடிவரவு அலுவலகங்களின் பொறுப்பாளர்கள் அனைவரும்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். தமிழ்நாட்டில் ஆசிரியப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் நாட்டின் தென்கரையில் பழந்தமிழர் விட்டுச் சென்ற தடயங்களைப் பார்த்துப் படிப்பதற்காகச் சில ஆண்டுகளாகக் குளிர்காலத்தில் அங்கு வந்து நீண்ட நாள் தங்கிச் செல்கிறேன். பாங்கா மாகாணத்துத் தகுவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளத்தையும் அதைக் காக்கும் பொறுப்பேற்ற மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரையும் பற்றிப் பேசுகிறது. கிராபி மாகாணத்துக் குளோங் தோமில் கிடைத்த பொற்கொல்லர் உரைகல்லில் ‘பெரும்பதன் கல்’ என்று தமிழ்ப் பிராமியில் பொறித்திருக்கிறார்கள். இத்தகையவற்றைத் தேடிப் போகிறவன் ஓரிடத்தில் தங்கிவிட முடியாது. பாங்கா, கிராபி, நக்கோன் சி தம்மராத், சூரத் தானி என்று மாகாணம் விட்டு மாகாணம் போக வேண்டும், சில இடங்களில் விடுதியிலும் சில இடங்களில் மாத வாடகை வீட்டிலும் நண்பர் வீட்டிலும் தங்க வேண்டும். இப்படித் தங்கும் பயணியை உங்கள் முகவரிப் பதிவு விதிகள் அவர் கையில் இல்லாத ஒரு செயலுக்குப் பொறுப்பாளியாக்குகின்றன. அதை எடுத்துச் சொல்லி, மாற்றித் தருமாறு கேட்பதற்கே இம்மடலை எழுதுகிறேன்.

தாய்லாந்து மொழியிலும் ஆங்கிலத்திலும் இதன் படிகளைத் தனியே அனுப்புகிறேன். தமிழில் வெளியிடுவதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து அங்கு வந்து சில மாதங்கள் தங்க விரும்புவோர், குறிப்பாக ஓய்வு பெற்றோர், பெருகி வருகிறார்கள். விமான நிலையத்தில் குத்தப்படும் முத்திரையோடு கடமை முடிந்துவிட்டதாக அவர்களுள் பலர் எண்ணுகிறார்கள். விதிகளை விளக்கும் பகுதிகள் அவர்களுக்கும் பயன்படட்டும்.

முதலில் நன்றி சொல்ல வேண்டும். முன்பெல்லாம் இந்தியர்கள் வருகையின்போது விசா பெற வேண்டுமென்றால் 2,000 பாட் கட்டி 15 நாள் மட்டுமே தங்க முடிந்தது. 2023 நவம்பரில் விசா இல்லாமலேயே 30 நாள் தங்க இசைவு தந்தீர்கள். 2024 ஜூலை 15 முதல் அதை 60 நாளாக்கி, இந்தியா உட்பட 93 நாடுகளுக்கு விரித்தீர்கள். அந்த ஓராண்டில் மட்டும் இந்தியாவிலிருந்து 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தாய்லாந்துக்கு வந்தார்கள். எத்தனை நாள் தங்க விடுவது என்பது முழுக்க உங்கள் அரசின் உரிமை. அதைக் கூட்டினாலும் குறைத்தாலும் கேள்வி கேட்க எனக்கு இடமில்லை. வெளிநாட்டவர் எங்கே தங்கியிருக்கிறார் என்று அறிந்துகொள்ளும் உரிமையும் அரசுக்கு உண்டு. மோசடிக் கும்பல்களும், உள்ளூர்க்காரர் பெயரில் தொழில் நடத்தும் வெளிநாட்டவரும், உரிமமின்றி வேலை செய்வோரும் பயணிகளின் போர்வையில் தங்கும்போது நீங்கள் கண்காணிக்காமல் இருக்க முடியாது. முகவரிப் பதிவை நீக்க வேண்டும் என்று இம்மடலில் எங்கும் நான் கேட்கவில்லை. அதைச் செய்து முடிக்கும் வழி தங்குபவர் கைக்கு எட்ட வேண்டும் என்றே கேட்கிறேன்.

உங்கள் குடிவரவுச் சட்டம் புத்த ஆண்டு 2522இல், அதாவது 1979இல் இயற்றப்பட்டது. தற்காலிக இசைவோடு வந்த வெளிநாட்டவரைத் தங்க வைக்கும் வீட்டுத் தலைவரோ, உரிமையாளரோ, அவ்விடத்தைக் கைவசம் வைத்திருப்பவரோ, விடுதி மேலாளரோ 24 மணி நேரத்துக்குள் அதைக் குடிவரவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதன் 38ஆம் பிரிவு சொல்கிறது. அதற்குரிய படிவமே டி.எம். 30. தெரிவிக்கத் தவறினால் 77ஆம் பிரிவின்படி 2,000 பாட் வரை தண்டம். தவறியவர் விடுதி மேலாளர் என்றால் 2,000 முதல் 10,000 பாட் வரை. ஆக, கடமையும் தண்டமும் தங்க வைப்பவருக்கே உரியவை. தங்குபவருக்குரிய கடமைகளை 37ஆம் பிரிவு தனியே வகுத்திருக்கிறது: தான் தெரிவித்த இடத்தில் தங்குவது, இடம் மாறினால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் சொல்வது, 90 நாளுக்கு மேல் தங்கினால் ஒவ்வொரு 90 நாளுக்கும் எழுத்தில் அறிவிப்பது என்பன அவை. 1979இல் அமர்ந்து இதை எழுதியவர்கள் வீட்டுக்காரரின் கடமையையும் வெளிநாட்டவரின் கடமையையும் தெளிவாகவே பிரித்து வைத்தார்கள்.

அந்தப் பிரிவினை கவுன்ட்டருக்கு முன்னால் மறைந்துவிடுகிறது. தங்கும் நாள்களை நீட்டிக்க விரும்பும் பயணி டி.எம். 7 படிவத்தை நிரப்பி, கடவுச்சீட்டின் படிகளையும் ஒளிப்படத்தையும் இணைத்து, 1,900 பாட் எடுத்துக்கொண்டு உள்ளூர்க் குடிவரவு அலுவலகத்தின் வரிசையில் நிற்கிறார். அவர் முறை வந்ததும் பல அலுவலகங்களில் முதலில் கேட்பது டி.எம். 30 இரசீதைத்தான். கணினியில் அவருடைய முகவரி பதிவாகவில்லை என்றால், எல்லாத் தாள்களும் சரியாக இருந்தும் விண்ணப்பத்தை வாங்குவதில்லை. வீட்டுக்காரரிடம் போய்ப் பதிவு செய்யச் சொல்லி, அவருடைய அடையாள அட்டைப் படியும் வீட்டுப் பதிவேட்டின் படியும் வாங்கி வரும்படி திருப்பி அனுப்புகிறார்கள். வீட்டுக்காரரோ பாங்காக்கில் இருப்பார், அல்லது வெளிநாட்டில் இருப்பார். கட்டடத்தின் மேலாளருக்கு அந்தத் தாள்களைத் தரும் அதிகாரம் இருக்காது. முத்திரையில் உள்ள இறுதி நாளோ நெருங்கிக்கொண்டே இருக்கும். அந்நாளைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 500 பாட் தண்டம், உச்ச அளவு 20,000 பாட். அதற்கு அஞ்சி, உரிமையாளர் கட்ட வேண்டிய பதிவுத் தண்டத்தையும் தாமே கட்டி வேலையை முடித்துக்கொண்ட விருந்தினர்கள் பலர். சட்டம் ஒருவருக்கு விதித்த தண்டத்தை வேறொருவர் கட்டினால், கடமை தவறியவருக்கு அடுத்த முறை ஒழுங்காகப் பதிவு செய்யக் காரணமே இல்லாமல் போகிறது.

இதை நான் புதிதாகக் கண்டு சொல்லவில்லை. 2019இல் இவ்விதியை நாடெங்கும் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தத் தொடங்கியபோது, அங்கே வாழும் வெளிநாட்டவர்கள் மனுக்கள் எழுதினார்கள், கூட்டங்களில் கேள்வி எழுப்பினார்கள். வார இறுதியில் இன்னொரு மாகாணத்துக்குப் போய்த் திரும்பினாலும் மீண்டும் பதிவு செய்ய வேண்டியிருந்ததே அப்போதைய பெருங்குறை. நீங்கள் அதைச் செவிமடுத்தீர்கள். ஒருமுறை பதிவான வெளிநாட்டவர் வெளியே சென்று அதே முகவரிக்குத் திரும்பினால், இசைவுக் காலம் முடியும்வரை வீட்டுக்காரர் மறுபடி தெரிவிக்க வேண்டியதில்லை என்று 2020 ஜூன் இறுதியில் தளர்த்தினீர்கள். சட்டத்தைத் திருத்தாமலேயே, நிருவாக ஆணையால் ஒரு தொல்லையைத் தீர்க்க முடியும் என்பதற்கு அதுவே சான்று. இப்போது நான் கேட்பதும் அவ்வாறே செய்யக்கூடியது. 2020இன் தளர்வு ஒரே முகவரியில் நிலையாக இருப்பவருக்குத்தான் உதவியது. முகவரி மாறி மாறித் தங்கும் நீண்ட நாள் பயணி அன்றிருந்த நிலையிலேயே இருக்கிறார்.

வீட்டுக்காரர்கள் ஏன் பதிவு செய்வதில்லை என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். அனைவரும் அலட்சியக்காரர்கள் அல்லர். 2004ஆம் ஆண்டின் விடுதிச் சட்டப்படி, சிறு இல்லங்களுக்கு உள்ள சில விலக்குகள் தவிர, உரிமமின்றி நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ அறை விடுவது குற்றம். அடுக்குமாடி வீட்டை இணையத்தின் வழியே குறுகிய காலத்துக்கு விடும் உரிமையாளர் டி.எம். 30 நிரப்பினால் தம் குற்றத்தைத் தாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும். அதனால் அவர் நிரப்பவே மாட்டார். மாதக் கணக்கில் முறையாக விடுபவர்களுள்ளும் வாடகை வருமானம் வரித்துறையின் கண்ணில் படுமோ என்று தயங்குவோர் உண்டு. வெளிநாட்டில் வாழ்ந்துகொண்டு தாய்லாந்தில் வீடு வாங்கிப் போட்டிருக்கும் உரிமையாளருக்கு இப்படியொரு படிவம் இருப்பதே தெரியாது. இந்த மூவருள் யாரிடம் தங்கியிருக்கிறோம் என்பதை வாடகைக்கு வரும் அயலார் எப்படி அறிவார்? முன்பணம் கட்டி, சாவியும் வாங்கி, ஒரு மாதம் கழித்து நீட்டிப்புக்குப் போகும்போதுதான் அது தெரிய வருகிறது.

இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே மனம் கனக்கிறது. தென் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே வீடு வைத்திருக்கும் முதிய தம்பதியர், மகனுடைய நண்பர் என்ற ஒரே உறவில் வந்த வெளிநாட்டு விருந்தினருக்குப் பாய் விரித்துச் சோறு போடுகிறார்கள். வாடகை வாங்குவதில்லை. வீட்டுப் பதிவேட்டோடும் அடையாள அட்டையோடும் இணையத்தில் கணக்குத் தொடங்கி, விருந்தினரின் கடவுச்சீட்டு எண்ணை உள்ளிட்டு, இரசீதை எடுத்துத் தரும்படி அவர்களிடம் கேட்பது எப்படி? மாகாணத் தலைநகரிலுள்ள குடிவரவு அலுவலகம் அவர்கள் ஊரிலிருந்து நெடுந்தொலைவில் இருக்கும். அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்கலாம் என்று சட்டம் இடம் தந்தாலும், அங்கே தரும் தாள் நீட்டிப்புக் கவுன்ட்டரில் செல்லுமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. விடுதியில் தங்குபவருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. விடுதிக்காரர் இரவோடு இரவாகக் கணினியில் ஏற்றிவிடுகிறார். முறையாகப் பார்த்தால், நம்பி வீட்டுக்குள் அழைத்த குடும்பத்தோடு தங்கும் விருந்தினரைப் பற்றித்தான் அரசுக்குக் குறைந்த ஐயம் இருக்க வேண்டும். நடைமுறையில் அதிகத் தொல்லைக்கு உள்ளாகிறவர் அவரே. சையாவிலுள்ள சுவான் மோக் போன்ற தியான மடங்களை நாடி வருவோருக்கும் இது பொருந்தும். அங்குள்ள துறவியரும் தொண்டர்களும் படிவம் நிரப்புவதற்காக அங்கே இருப்பவர்கள் அல்லர்.

ஆகவே என் முதன்மையான கோரிக்கை இது. 38ஆம் பிரிவு ‘கைவசம் வைத்திருப்பவர்’ என்று ஒருவரைக் குறிப்பிடுகிறதல்லவா? எழுத்தாலான வாடகை ஒப்பந்தம் வைத்திருக்கும் குடியிருப்பவரையே அப்படிப்பட்டவராக ஏற்று, அவர் தாமே டி.எம். 30 தாக்கல் செய்யச் சில மாகாண அலுவலகங்கள் இப்போதே இடம் தருகின்றன. வேறு சில அலுவலகங்கள் உரிமையாளரின் அடையாள அட்டைப் படி இல்லாமல் எதையும் ஏற்பதில்லை. ஒரே சட்டத்துக்கு இரு வாசிப்புகள் இருப்பதை ஒரு சுற்றறிக்கையால் நீக்குங்கள். வாடகை ஒப்பந்தமோ, வாடகை செலுத்திய சான்றோ, வீட்டாரின் கையொப்பமிட்ட எளிய கடிதமோ வைத்திருக்கும் வெளிநாட்டவர் தம் முகவரியைத் தாமே பதிவு செய்யலாம் என்றும், அப்பதிவே நீட்டிப்புக்குப் போதும் என்றும், 37ஆம் பிரிவின் கீழ் அவர் செய்ய வேண்டிய இடமாற்ற அறிவிப்பும் அதனால் நிறைவேறிவிடும் என்றும் நாடு முழுமைக்கும் ஒரே ஆணை பிறப்பியுங்கள். வீட்டுக்காரர் தம் கடமையில் தவறியிருந்தால் அவர் மீது நடவடிக்கை எடுக்க உங்களுக்குத் தடையேதும் இல்லை; விருந்தினரே முகவரியைக் கொடுத்துவிடுவதால் அவரைக் கண்டுபிடிப்பதும் எளிதாகும். விருந்தினரின் நீட்டிப்பை அதற்காக நிறுத்தி வைக்காதீர்கள்.

பாதுகாப்பு நோக்கில் பார்த்தாலும் இதுவே பயன் தரும். நேர்மையான பயணி தம் முகவரியைத் தர விரும்புகிறார். இன்றைய முறையில் அவர் தரவே முடியாமல் போகிறது. ஒளிந்து வாழ நினைப்பவரோ நீட்டிப்புக் கவுன்ட்டர் பக்கமே வருவதில்லை. உங்கள் கணினியில் இருக்க வேண்டிய முகவரிகளுள் ஒரு பகுதி, வீட்டுக்காரரின் அச்சத்தாலும் அறியாமையாலும் அங்கு வந்து சேர்வதில்லை. கொடுக்க முன்வருபவரிடமிருந்து நேரே வாங்கிக்கொண்டால் அந்தக் குறை பெருமளவு தீரும்.

ஒரே முகவரியை எத்தனை இடத்தில் கேட்கிறீர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். 2025 சனவரி 1 முதல் உலகெங்கும் உள்ள உங்கள் தூதரகங்கள் மின்விசா முறைக்கு மாறின. சென்னையிலுள்ள துணைத் தூதரகத்தின் வழியாக விசா பெறுபவரும் தங்குமிடச் சான்றை அதில் பதிவேற்றுகிறார். 2025 மே 1 முதல், பழைய டி.எம். 6 தாளுக்கு மாற்றாக டிஜிட்டல் வருகை அட்டை வந்துவிட்டது. நாட்டுக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் பயணியே கட்டணமின்றி நிரப்பும் அந்த அட்டையில் மாகாணம், மாவட்டம், உள்வட்டம் என்று முகவரியை விரிவாகக் கேட்கிறீர்கள். பிறகு டி.எம். 30இல் அதே முகவரி, டி.எம். 7இல் மறுபடியும் அதே முகவரி. வருகை அட்டையில் பயணி தாமே தரும் முகவரியை நம்பி நாட்டுக்குள் விடுகிறீர்கள் என்றால், இடம் மாறும்போது அதே பக்கத்தில் அதே எண்ணைக் கொண்டு புது முகவரியையும் அவரே சேர்க்க ஏன் இடம் தரக் கூடாது? கட்டமைப்பு ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. ஒரு கதவைத் திறந்துவிட்டால் போதும்.

தமிழர்களுக்கென்று தனியே ஒரு சிக்கல் உண்டு. இதை உங்களிடம் யாரும் விளக்கிச் சொல்லியிருப்பார்களா என்று எனக்கு ஐயம். எங்களுள் மிகப் பலருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தந்தையின் பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். அதனால் பலருடைய இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயருக்கான கட்டம் வெறுமையாக இருக்கும். வேறு பலருடையதில் தந்தையின் முழுப்பெயர் அந்தக் கட்டத்தில் இருக்கும். வீட்டுக்காரர் டி.எம். 30 நிரப்பும்போது வெறுங்கட்டத்தைக் கண்டு குழம்பி, இயற்பெயரையே இரண்டு முறை எழுதுகிறார், அல்லது பெயரை நடுவில் வெட்டி இரண்டாக்குகிறார், அல்லது கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் உள்ள தந்தை பெயரை எடுத்துப் போடுகிறார். நுழைவுப் பதிவில் ஒரு பெயர், முகவரிப் பதிவில் வேறு பெயர் என்றாகி, பதிவு நடந்திருந்தும் கவுன்ட்டரில் ‘பதிவு இல்லை’ என்ற விடை வருகிறது. நீளமான தமிழ்ப் பெயர்களை உரோமன் எழுத்தில் எழுதுவதிலும், தாய்லாந்து ஊர்ப்பெயர்களை அதே எழுத்தில் பல வகையாக எழுதுவதிலும் நேரும் பிழைகள் இதோடு சேர்ந்துகொள்கின்றன. பெயரைக் கொண்டு பொருத்துவதை விட்டு, கடவுச்சீட்டு எண்ணையும் நாட்டையும் பிறந்த நாளையும் கொண்டு பொருத்துங்கள். குடும்பப்பெயர் இல்லாதவருக்கு என்ன எழுத வேண்டும் என்பதை எல்லாப் படிவங்களிலும் ஒரே முறையில் குறிப்பிடுங்கள். இலங்கை, மலேசியத் தமிழர்களுக்கும் இது உதவும்.

நீட்டிப்புக்கு வேண்டிய தாள்களின் பட்டியலும் ஒன்றாக இருக்க வேண்டும். பாங்காக்கில் சேங் வத்தனா அரசு வளாகத்தில் ஏற்கும் தாள்களைத் தெற்கே ஒரு மாகாணத்தில் ஏற்பதில்லை. ஓரிடத்தில் வாடகை ஒப்பந்தம் கேட்கிறார்கள். ஓரிடத்தில் வீட்டின் முன் நின்று எடுத்த படம் கேட்கிறார்கள். ஓரிடத்தில் வங்கிக் கணக்கின் நிலை கேட்கிறார்கள். உள்ளூர் நிலைமைக்கேற்ப அலுவலர் கூடுதல் விசாரணை செய்யலாம், அதை மறுக்கவில்லை. அடிப்படைப் பட்டியல் ஒன்று இருந்து, அதைத் தாண்டிக் கேட்கும்போது காரணத்தை ஒரு வரியில் எழுதிக் கொடுத்தால், முதியவர்கள் வெயிலில் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அலைய வேண்டியிராது. இந்தத் தெளிவின்மைதான் முகவர்களுக்குச் சந்தையை உண்டாக்கியிருக்கிறது. 1,900 பாட்டில் முடிய வேண்டியதற்கு அதைப்போல் பல மடங்கு வாங்கிக்கொண்டு ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்பவரிடம் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டு நாள் கணக்கில் காத்திருக்கிறார்கள். கட்டணமே இல்லாத வருகை அட்டைக்குக்கூடப் பணம் பறிக்கும் போலி இணையதளங்கள் முளைத்திருக்கின்றன.

இங்கே தமிழ்ப் பயணிகளிடம் சில சொற்கள். நீட்டிப்பை இறுதி நாளன்று கேட்காதீர்கள். ஏற்கெனவே உள்ள இசைவு முடியும் நாளிலிருந்துதான் புதிய நாள்கள் கணக்கிடப்படும் என்பதால் ஒரு வாரம் முன்னதாகப் போவதால் ஒரு நாளும் குறையாது. வாடகைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், டி.எம். 30 பதிவு செய்து இரசீது தருவாரா என்று வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். தயங்குபவரிடம் தங்காதீர்கள். விடுதியை விட்டு வீட்டுக்கு மாறினால், முகவரியும் மாறிவிட்டது என்பதை நினைவில் வையுங்கள். கடவுச்சீட்டில் குத்திய நாளை விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். முத்திரையில் உள்ள நாளைக் கொண்டுதான் எல்லாக் கணக்கும். எல்லாவற்றுக்கும் படி எடுத்து வைத்திருங்கள்.

மீண்டும் உங்களிடம் வருகிறேன். 90 நாள் அறிவிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 90 நாளுக்கு மேல் தங்காமல் திரும்பும் பயணியை அது தொடுவதில்லை. நாட்டை விட்டு வெளியே போய் வந்தால் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். தொலைவிலிருந்து வேலை செய்வோர் முதலியோருக்காக 2024 ஜூலையில் நீங்கள் கொண்டுவந்த ஐந்தாண்டு டி.டி.வி. விசாவில் ஒரு நுழைவுக்கு 180 நாள் தங்குவோரையும், 50 வயது கடந்து ஓய்வு விசாவில் இருப்போரையும்தான் அது தொடும். இந்த அறிவிப்புக்குரிய டி.எம். 47 படிவத்தை உரிய நாளுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்புவரை தரலாம் என்ற இடைவெளி நியாயமானது. பத்தாண்டு நீண்டகால விசா வைத்திருக்கும் செல்வர்களும் வல்லுநர்களும் ஆண்டுக்கு ஒருமுறை அறிவித்தால் போதும் என்று விலக்குத் தந்திருக்கிறீர்கள். முகவரி மாறாத முதியோருக்கும் நோயுற்றோருக்கும் அதே விலக்கைத் தருவதில் பாதுகாப்புக்கு என்ன குறை நேரும் என்று எனக்கு விளங்கவில்லை. ஒருவருடைய செல்வத்தின் அளவு, அவர் முகவரியை எத்தனை முறை சொல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிக்கக் கூடாது.

கடைசியாக, மறுப்பைப் பற்றி. நீட்டிப்பு மறுக்கப்பட்டவருக்குப் பொதுவாக நாட்டை விட்டு வெளியேற ஏழு நாள் தருகிறீர்கள். அது மனிதத்தன்மையுள்ள ஏற்பாடு. மறுப்புக்கான காரணத்தையும் அவரிடம் எழுத்தில் தந்தால் நன்று. அடுத்த முறை விசா கேட்கும்போது தூதரகத்தில் விளக்கம் சொல்ல அவருக்கு அது வேண்டும். டி.எம். 30 இல்லை என்பது ஒன்றே காரணமாக இறுதி நாள் தாண்டிவிட்டால், விண்ணப்பிக்க வந்து திருப்பி அனுப்பப்பட்டதைக் காட்டும் ஒரு சீட்டை அலுவலகமே தர வேண்டும்; அந்தச் சீட்டு இருந்தால் தாமதத் தண்டம் விதிக்கக் கூடாது. வேண்டுமென்றே தங்கிவிட்டவருக்கு நீங்கள் 2016 மார்ச் முதல் விதித்துவரும் நுழைவுத் தடைகள் கடுமையானவை: 90 நாளுக்கு மேல் தாண்டித் தாமே வந்து ஒப்புக்கொண்டவருக்குக் குறைந்தது ஓராண்டும், பிடிபட்டவருக்குக் குறைந்தது ஐந்தாண்டும் தடை. வீட்டுக்காரரின் தாளுக்காகக் காத்திருந்தவரும் அவர்களுடைய வரிசையில் வந்து நிற்கும் நிலையை உண்டாக்காதீர்கள்.

‘உங்கள் நாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது?’ என்று நீங்கள் என்னைக் கேட்கலாம், கேட்பது முறையே. இந்தியாவிலும் வெளிநாட்டவரைத் தங்க வைக்கும் விடுதியும் வீடும் 24 மணி நேரத்துக்குள் அதைப் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ தாய்லாந்து மாணவர் ஒருவரைத் தங்க வைக்கும் குடும்பத்தாருள் எத்தனை பேருக்கு அது தெரியும்? இங்கேயும் அதன் சுமை விருந்தினர் மீது விழுகிறது. எங்கள் அரசின் வெளிநாட்டவர் பதிவு அலுவலகங்களுக்கும் இதே கோரிக்கையை எழுதுவேன். அயலாருடைய முகவரியை அறிய விரும்பும் எந்த அரசும், அதைச் சொல்லும் வழியை அந்த அயலாரிடமே தர வேண்டும் என்பது எல்லா நாடுகளுக்கும் பொருந்தும்.

பாங்காக்கின் சீலோம் சாலையிலுள்ள மகாமாரியம்மன் கோயில், 19ஆம் நூற்றாண்டில் அங்கு வந்து குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. இன்று நவராத்திரியில் அதன் தேரை வணங்கத் திரளும் கூட்டத்தில் பெரும்பாலோர் உங்கள் நாட்டு மக்களே. அயலாரை ஏற்பதில் உங்கள் மக்கள் காட்டும் பெருந்தன்மையை நேரில் கண்டவன் என்ற முறையில், அந்த இயல்புக்கு ஏற்றதாக இந்த விதியும் அமைய வேண்டும் என்று விரும்புகிறேன்.

இத்தனை கோரிக்கைகளையும் ஒரே நேரத்தில் ஏற்க இயலாது என்பதை அறிவேன். வாடகை ஒப்பந்தமோ வீட்டாரின் கடிதமோ வைத்திருக்கும் வெளிநாட்டவர் தம் முகவரியைத் தாமே பதிவு செய்யலாம், அதுவே நீட்டிப்புக்குப் போதும் என்ற அந்த ஒரு சுற்றறிக்கையை முதலில் வெளியிட வேண்டுகிறேன். அதை எல்லா மாகாண அலுவலகங்களின் சுவரிலும் தாய்லாந்து மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒட்டச் செய்யுங்கள். தமிழில் ஒரு படி தேவைப்பட்டால் கட்டணமின்றி மொழிபெயர்த்துத் தர நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாட்டில் நீண்ட நாள் தங்கிச் செல்லும்
தமிழ்நாட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்